மேயும் ஷல்லும்

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். இதை முன்பே சில கட்டுரைகளில் சொல்லியிருக்கிறேன். அப்பா பிரெஞ்சு சர்க்கார் காலத்திலேயே அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அம்மா தென்காசிக்காரி. விடுமுறை விட்டால் தென்காசி, மாமா வீடு, குற்றாலம். பள்ளி திறந்தால் மறுபடி பிரெஞ்சு. ஆங்கிலம் எனக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்த மொழி. அந்த மொழியில்தான் பிறகு 35 ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன் என்பது வேறு கதை.

ஆங்கிலத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியவை நீளமான சொற்கள் அல்ல. அவற்றில் பாதி பிரெஞ்சிலிருந்து போனவைதான், பார்த்தவுடன் புரிந்துவிடும். படுத்தியவை எல்லாம் குட்டிச் சொற்கள்: ஷல், வில், மே, மஸ்ட், ஷுட், ஆட் டு. பிரெஞ்சில் கட்டாயத்தைச் சொல்ல 'தெவ்வார்' என்று ஒரு வினை, 'இல் ஃபோ' என்று ஒரு தொடர். பெரும்பாலும் இந்த இரண்டை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். சட்டம் எழுதும்போது அதுகூட வேண்டாம். பிரான்ஸ் நாட்டின் 1958 அரசியலமைப்பில் குடியரசுத் தலைவர் பிரதமரை 'நியமிக்கிறார்' என்றுதான் இருக்கும். 'நியமிக்க வேண்டும்' என்று இருக்காது. சட்டம் 'செய்கிறார்' என்று சொன்னால் செய்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் மரபு.

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. நான் என்றால் ஷல், நீ என்றால் வில். ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அப்படியே தலைகீழ் என்று ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லித் தந்தார்கள். இதற்கு ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. ஆற்றில் விழுந்த வெளிநாட்டான் ஒருவன் 'ஐ வில் டிரவுன், நோபடி ஷல் சேவ் மீ' என்று கத்தினானாம். 'நான் மூழ்கியே தீருவேன், ஒருத்தரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று அதற்கு அர்த்தம் ஆகிவிட்டதாம். கரையில் நின்ற ஆங்கிலேயர்கள், பாவம், அவன் விருப்பம் அதுதான் போலிருக்கிறது என்று தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுப் போனார்கள். அந்த வெளிநாட்டானைச் சிலர் பிரெஞ்சுக்காரன் என்பார்கள். நான் ஐந்தருவியில் வழுக்கி விழுந்தால் வாயையே திறக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

இந்தக் குட்டிச் சொற்களில் இரண்டின் பேரில் ஒரு மாநிலமே கொதித்தது என்பது எனக்கு 1965-ல்தான் தெரிந்தது. அப்போது எனக்கு 14 வயது.

அந்த ஆண்டு விடுமுறைக்குத் தென்காசி வந்தபோது ஊர் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஆனால் பேச்சு அடங்கவில்லை. டீக்கடையில் ஆங்கிலம் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்கள் 'மே', 'ஷல்' என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமா வக்கீல் குமாஸ்தா. நான் பிரெஞ்சுப் பையன், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றதும் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னார்:

"மருமவனே, நீ எங்கிட்ட ஆயிரம் ரூவா கடன் வாங்குதேன்னு வச்சுக்கோ. பத்திரத்துல 'திருப்பிக் கொடுக்கலாம்'னு எழுதிக் கொடுத்தா நான் பணத்தை எடுத்துக் குடுப்பனா? 'கொடுக்கக் கடவேன்'னுலா எழுதணும். டெல்லியில 'லாம்'னு எழுதியிருக்காங்க. கேட்டா, 'லாம்'னா 'கடவேன்'னுதான் அர்த்தம்ங்காங்க. அப்பம் அதையே எழுதிட்டுப் போறது!"

அந்த வழக்கை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. பிறகு நானே வேலைக்குப் போய், சட்டப் புத்தகங்களைப் புரட்டும் வயதில், அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பார்த்தேன்.

அரசியலமைப்பின் 343-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் நிர்ணய சபை 1949 செப்டம்பர் 14-ல் முடிவு செய்தது. முன்ஷியும் கோபாலசாமி ஐயங்காரும் சேர்ந்து செய்த சமரசம். ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்ற இடத்தில் 'ஷல்'. ஆங்கிலம் 15 ஆண்டு தொடரும் என்ற இடத்திலும் 'ஷல்'. 15 ஆண்டு முடிந்த பிறகு? நாடாளுமன்றம் சட்டம் செய்து ஆங்கிலத்தைத் தொடர 'மே'. அதாவது 1965 ஜனவரி 26 முதல் இந்திக்குக் கடமை, ஆங்கிலத்துக்குத் தயவு. சண்டைக்கான விதை அங்கேயே இருந்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, 15 ஆண்டு என்பது தூரமாகத் தெரிந்தது.

1959 ஆகஸ்டில் நேரு மக்களவையில் ஒரு வாக்குக் கொடுத்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும், அதை முடிவு செய்ய வேண்டியவர்களும் அவர்களே என்பது அதன் சாரம். நல்ல வாக்கு. அதை நம்பித்தான் இங்கே பலர் அமைதியாக இருந்தார்கள். ஆனால் 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் என்று எழுத்தில் வந்தபோது, மூன்றாவது பிரிவில், குறித்த நாளுக்குப் பின்னும் இந்தியோடு கூட ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட 'மே' என்று இருந்தது. மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போது உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி. ஜனாதிபதி ஒப்புதல் அளித்தது 1963 மே 10. மே மாதத்து 'மே' என்று மாமா கேலி செய்வார். ஆடு கத்துவதைச் சொல்லியும் ஒரு கேலி உண்டு, அதை இங்கே எழுதவில்லை.

மக்களவையில் பிராங்க் அந்தோணி போன்றவர்கள் எதிர்த்தார்கள். மாநிலங்களவையில் அண்ணா இருந்தார். 'மே' என்றால் 'மே நாட்' என்றும் ஆகும், 'ஷல்' என்று போடுங்கள் என்பது வாதம். இந்த இடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்றார் நேரு. தமிழ் தெரிந்தவனுக்கு எதிர்த்தவர்கள் பயம் சட்டென்று புரியும். நம் 'லாம்' என்பதும் அதே இரட்டை வேடம்தான். 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. 'நாளைக்குச் சாரல் வரலாம்' என்றால் வந்தால் வரும். வராமல் வெயிலும் அடிக்கும். ஜூன் முதல் தேதி முதலே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த 'லாம்' எப்பேர்ப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரு வழக்கறிஞர். அவர் சொன்னதற்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. அதிகாரம் மட்டும் தருகிற சொல்கூடச் சில சூழ்நிலையில் கடமை ஆகிவிடும் என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1880-லேயே ஆக்ஸ்போர்டு பிஷப் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் கடமை அந்தச் சொல்லிலிருந்து வராது, சூழ்நிலையிலிருந்துதான் வரும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்த வழக்கில் கடைசியில் பிஷப்புக்குக் கட்டாயம் ஏதுமில்லை என்றுதான் தீர்ப்பு. இதன் மறுபக்கமும் உண்டு. 1957-ல் நம் உச்ச நீதிமன்றம், மன்போதன் லால் வழக்கில், அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க 'ஷல்' என்று அரசியலமைப்பு சொன்னாலும், கலந்தாலோசிக்காததால் நடவடிக்கை செல்லாமல் போகாது என்று தீர்ப்பளித்தது. 'மே' சில நேரம் 'ஷல்', 'ஷல்' சில நேரம் 'மே'! பிரெஞ்சு படித்தவன் தலையில் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்வான்?

வழக்கு இப்படி நீதிமன்றத்தில் ஓடலாம், தெருவில் ஓடாது. 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்தார். மே மாதம் நேரு மறைந்தார். வாக்குக் கொடுத்தவர் போனார், எழுத்தில் 'மே' மட்டும் இருந்தது. 1965 ஜனவரி 25-ல் மதுரையில் தொடங்கிய மாணவர் கலவரமும் பிறகு மாநிலம் முழுதும் நடந்த துப்பாக்கிச் சூடுகளும் இதைப் படிப்பவர்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். உங்களில் சிலர் அன்று ஊர்வலத்தில் இருந்திருப்பீர்கள். பிப்ரவரி 11-ல் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேரு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன் என்றார். மசோதாவைக் கொண்டுவந்த அதே சாஸ்திரி. அடுத்த ஜனவரியில் தாஷ்கண்டில் அவரும் போய்விட்டார். மாமா அப்போது எனக்கு எழுதிய கடிதத்தில், "ரெண்டு பேரும் வாயாலே சொல்லிட்டுப் போயிட்டாங்க, பத்திரம் இன்னும் எழுதியாவலை" என்று இருந்தது.

பத்திரம் எழுதப்பட்டது 1967 டிசம்பரில், இந்திரா காந்தி காலத்தில். ஒப்புதல் 1968 ஜனவரி 8. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். நடுவில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

1974-ல் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு பியூனின் மனைவி. குடும்ப ஓய்வூதிய நிலுவை. மேலிடத்திலிருந்து ஆங்கிலத்தில் உத்தரவு வந்தது: நிலுவையைப் பெற்று வழங்க 'மே'. எனக்குத் தலைக்குள் 1965 ஓடியது. 'மே' என்றால் கட்டாயமா, நம் விருப்பமா? நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் யார் பதில் சொல்வது? ரொம்பப் புத்திசாலி என்ற நினைப்பில் ஒரு குறிப்பு எழுதி, தெளிவுரை கோரி மேலிடத்துக்குக் கடிதம் வைத்தேன். அப்போதைய அதிகாரியும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கடிதம் போனது. பதில் வரவில்லை. நினைவூட்டு போனது. அதற்கும் பதில் வரவில்லை.

அந்த அம்மாள் கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். படியில் உட்கார்ந்திருப்பார். "எய்யா, உத்தரவு வந்துட்டா?" என்பார். 'வரலாம்மா' என்பேன். அந்த 'லாம்' இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஏழு மாதம். விடுப்பிலிருந்து திரும்பி வந்த ஹெட் கிளார்க் கோப்பைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். "என்ன வே பிரெஞ்சுக்காரரே, உமக்கு இங்கிலீஷ் யாரு சொல்லிக் கொடுத்தா? மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்கு 'மே'ன்னு எழுதினா 'செய்'னு அர்த்தம் வே. மரியாதைக்கு அப்படி எழுதுதான். இதுக்குப் போயி கிளாரிபிகேஷனா?" அன்று மாலையே பில் தயாரானது. அடுத்த வாரம் பணம் கொடுத்தோம். அந்த அம்மாள் நோட்டுகளை எண்ணி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முந்தானையில் தனியாக முடிந்துகொண்டார். வட்டிக்காரனுக்கு என்றார். கறவை மாட்டை ஏற்கெனவே விற்றாகிவிட்டதாம். என்மீது ஒரு கோபமும் இல்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். இந்தத் தாமதத்துக்குக் காரணம் என் குறிப்பு என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு பல நாள் எனக்கு ஒரு குழப்பம். ஹெட் கிளார்க் சொன்னது அப்படியே நேரு சொன்னதுதானே? 'மே' என்றால் 'ஷல்'. அப்படியானால் 1965-ல் நம் ஆட்கள் வீணாகச் சண்டை போட்டார்களா?

இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கோப்பில் 'மே' வந்தால் எழுதியவர் எனக்கு மேலே இருக்கிறார். நான் செய்யாவிட்டால் கேட்பார். நாடாளுமன்றம் தன் அரசுக்கே 'மே' என்று எழுதிக்கொண்டால், செய்யாதபோது கேட்க மேலே யார்? கேட்க வேண்டியவர்கள் நாம். நமக்கு அந்தச் சட்டத்தில் இடமே வைக்கவில்லை.

இங்கேதான் புதுச்சேரிக்காரனுக்கு இன்னொரு ஏடு நினைவுக்கு வரும். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28-ல் கையெழுத்தானது, 1962 ஆகஸ்டு 16-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 28-வது பிரிவில், மக்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை, பிரெஞ்சே அந்தப் பகுதிகளின் ஆட்சிமொழியாக இருக்க 'ஷல்'. கவனியுங்கள்: அந்தப் பகுதியில் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்னைப் போல் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேர் மொழிக்கு 'ஷல்' போட்ட அதே நேரு அரசு, ஏழு ஆண்டு கழித்து, தெற்கே கோடிக்கணக்கானவர் கேட்ட ஆங்கிலத்துக்கு 'மே' போட்டது. வெளிநாட்டோடு செய்யும் உடன்படிக்கையில் எதிரே ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். சொந்த மக்களோடு பேசும்போது அப்படி யாரும் உட்காருவதில்லை. அதைவிட முக்கியம், அந்தப் பிரிவில் 'ஷல்'லோடு ஒரு சாவியும் இருந்தது. சாவி புதுச்சேரி மக்களின் பிரதிநிதிகள் கையில்.

இப்போது 1967 திருத்தத்துக்கு வருகிறேன். திருத்திய மூன்றாவது பிரிவை எடுத்துப் பாருங்கள், உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அந்த 'மே' போகவில்லை! முதல் உட்பிரிவில் இன்றைக்கும் 'மே'தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே 'ஷல்'களைக் கட்டியிருக்கிறார்கள். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றியம் தொடர்பு கொள்ள ஆங்கிலம் 'ஷல்'. தீர்மானங்கள், பொது உத்தரவுகள், விதிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு மொழியும் 'ஷல்'. கடைசியில் ஐந்தாவது உட்பிரிவு: இந்தியை ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போட்டால்தான் ஆங்கிலம் போகும். ஒரு சட்டமன்றம் மறுத்தாலும் போதும். சாவி இங்கே வந்துவிட்டது.

பழைய 'மே'யை ஏன் எடுக்கவில்லை? கௌரவம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை எழுதியதை அடிப்பதைவிட அடியில் ஒரு வரி சேர்ப்பது அலுவலகத்தில் எப்போதும் சுலபம். நானும் நிறையக் கோப்பில் அப்படிச் செய்திருக்கிறேன். திருத்தத்தோடு சேர்ந்து வந்த மும்மொழித் தீர்மானம் இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. முதல்வர் அண்ணா 1968 ஜனவரி 23-ல் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேற்றியதும் அதன் தொடர்ச்சிதான். 1976-ல் வந்த ஆட்சிமொழி விதிகளின் முதல் விதி, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுதும் பொருந்தும் என்கிறது. எந்தச் சொல்லுமே வேண்டாம், ஆளையே விட்டுவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சொற்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் படித்தேன். 'ஷல்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள். 'ஆட்' என்பது கடன்பட்டிருத்தலைச் சொல்லும் 'ஓ' என்ற வினையின் பழைய இறந்தகாலம். பிரெஞ்சு 'தெவ்வார்' இன்றைக்கும் இரண்டுதான்: செய்ய வேண்டியிருத்தல், கடன்பட்டிருத்தல். பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கும் அதே பெயர்; எனக்கு அது எப்போதும் நிலுவையிலேயே இருந்ததால் பொருத்தமான பெயர்தான். 'மஸ்ட்' மட்டும் ஒரு விநோதம். அது முதலில் அனுமதிச் சொல்லாக, 'லாம்' ஆக இருந்து பிறகு கட்டாயமாக மாறியதாம். பிரபுக்கள் சபை இல்லாமலே மக்கள் வாயில் 'மே', 'ஷல்' ஆன கதை அது ஒன்று.

தமிழில் சொல்லவே வேண்டாம். கடன், கடமை, கடப்பாடு, கடவேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து சொன்னது வெறும் உவமை என்று அறுபது ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா போன பிறகு அவர் தகரப் பெட்டி என்னிடம் வந்தது. அதில் அவர் கையெழுத்தில் சில அடமானப் பத்திர நகல்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'அசலும் வட்டியும் கொடுத்துத் தீர்க்கக் கடவேன்'. எங்கும் 'வேண்டும்' இல்லை, 'லாம்' இல்லை. பிறகு எப்போது 'கடவேன்' போய் நம் பத்திரங்களில் வேறு சொற்கள் வந்தன என்று எனக்கு ஒரு ஆசை, தேடிப் பார்க்க. தென்காசி, செங்கோட்டைப் பக்கத்து அன்பர்கள் வீட்டில் பழைய பத்திரங்கள் இருந்தால், கடைசி வரியையும் ஆண்டையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயரும் தொகையும் வேண்டாம். செங்கோட்டைக்காரர்கள் பத்திரம் 1956-க்கு முந்தையது என்றால், திருவிதாங்கூர் வழக்கு எப்படி இருந்தது என்றும் பார்க்க வேண்டும்.